தேவனை அறிகிற அறிவில் வளர்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெருவில் வியாழக்கிழமை சாயங்காலம் பதினைந்து இருபது பேர் ஒரு வீட்டில் கூடி வேதாகமம் வாசிக்கிறோம். நான் போதகர் இல்லை. நடத்துகிற பொறுப்பு என் தலையில் விழுந்து பல வருஷம் ஆகிறது, அவ்வளவுதான். அங்கே திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். வசனங்கள் எல்லாம் பெரும்பாலான சபைகளில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பில் உள்ளவை.

தேவனை அறிவது என்றால் என்ன? அவரைப் பற்றித் தெரிந்துகொள்வதுதானே?

அதுவும்தான். ஆனால் அதோடு முடியவில்லை. ஆதியாகமம் 4:1-இல் ஆதாம் ஏவாளை 'அறிந்தான்' என்று வருகிறது. எபிரெயத்தில் அந்தச் சொல் 'யாதா'. கணவன் மனைவியை அறிவதற்கும் ஜனங்கள் தேவனை அறிவதற்கும் ஒரே சொல்தான். கூட வாழ்ந்து, நம்பி, சில நேரம் முட்டிமோதி வருகிற அறிவு அது. முதலமைச்சரைப் பற்றி நமக்கு நூறு விஷயம் தெரியும். அவருக்கு நம்மைத் தெரியாது. அப்படிப்பட்ட தெரிதலை வேதாகமம் 'அறிவு' என்று சொல்வதில்லை.

இந்த விஷயத்தில் என்னை உலுக்கிய வசனம் எரேமியா 22:16. அதன் பின்னணியைச் சொன்னால்தான் கூர்மை தெரியும். யூதாவின் ராஜா யோயாக்கீம் கேதுரு மரப் பலகை வைத்து, ஜன்னல் வைத்து, சிவப்பு வர்ணம் பூசிப் பெரிய அரண்மனை கட்டுகிறான்; வேலை செய்தவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை. அவனிடம் அவன் அப்பா யோசியாவை எரேமியா நினைவுபடுத்துகிறார். யோசியாவும் சாப்பிட்டான், குடித்தான், ராஜாவாகத்தான் இருந்தான். ஆனால் சிறுமையும் எளிமையுமானவனுடைய நியாயத்தை விசாரித்தான். "அப்படிச் செய்வதல்லவோ என்னை அறிகிற அறிவு என்று கர்த்தர் சொல்லுகிறார்."

இந்த இடத்தில் நான் எதிர்பார்த்தது வேறு. யோசியாவின் நாளில்தான் ஆலயத்தில் நியாயப்பிரமாண புஸ்தகம் கண்டெடுக்கப்பட்டது. அதை வாசிக்கக் கேட்டு அவன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டான், பஸ்கா பண்டிகையை ஆசரித்தான். "அவன் வேதத்தை மதித்தான், அதுவே என்னை அறிகிற அறிவு" என்று கர்த்தர் சொல்லியிருக்கலாம். அவர் எடுத்துச் சொன்னது ஏழையின் வழக்கை விசாரித்ததை. யோசியா புஸ்தகத்தைக் கேட்டான், கேட்டபடி நடந்தான். மகனுக்கும் அதே புஸ்தகம் கையில் இருந்தது. எரேமியாவின் சுருளை அவன் வாசிக்கவைத்துக் கேட்டான். பிறகு சூரிக்கத்தியால் அறுத்துக் குளிர்காயும் நெருப்பில் போட்டான் (எரேமியா 36).

இரட்சிக்கப்பட்டாயிற்று. இதற்கு மேல் எதற்கு வளர வேண்டும்?

அப்போஸ்தலன் பவுலைக் கேளுங்கள். தமஸ்கு வழியில் ஆண்டவரைச் சந்தித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, கட்டுகளில், அதாவது சிறைக்காவலில், இருந்துகொண்டு பிலிப்பியருக்கு எழுதுகிறார். அப்போதும் அவருடைய ஆசை 'அவரை அறிவது' (3:10). அதற்குள் எத்தனை சபை நாட்டினார், எத்தனை அடி வாங்கினார்! இன்னும் அறிய வேண்டும் என்கிறார்.

கொலோசெயருக்கு அவர் செய்கிற ஜெபத்திலும் இதுதான். அந்தச் சபையாரில் பலரை அவர் நேரில் பார்த்ததுகூட இல்லை. எப்பாப்பிரா மூலமாகக் கேள்விப்பட்டதுதான். அவர்களுக்காக இடைவிடாமல் ஜெபிக்கும்போது, நற்கிரியைகளாகிய கனிகளைத் தந்து தேவனை அறிகிற அறிவில் விருத்தியடைய வேண்டும் என்று கேட்கிறார் (1:10). கனியும் அறிவும் ஒரே மூச்சில் வருகின்றன. முதலில் நன்றாகப் படித்து முடித்துவிட்டு அப்புறம் செய்யத் தொடங்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த வசனம் இடம் கொடுப்பதில்லை.

வேதாகமத்தை எங்கிருந்து தொடங்குவது? ஒவ்வொரு ஜனவரியிலும் ஆதியாகமத்தில் தொடங்கி லேவியராகமத்தில் நின்றுவிடுகிறேன்.

நீங்கள் தனியாள் இல்லை. யாத்திராகமம் 20 வரை கதை விறுவிறுப்பாக ஓடும். அப்புறம் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள், திரைகள், கொக்கிகள் வரும். லேவியராகமத்துக்குள் நுழையும்போது பிப்ரவரி பிறந்திருக்கும், ஆர்வம் செத்திருக்கும்.

கணக்கைப் பாருங்கள். நம்முடைய வேதாகமத்தின் 66 புஸ்தகங்களில் 1189 அதிகாரங்கள். ஒரு வருஷத்தில் முடிக்க ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வாசிக்க வேண்டும். காலையில் டிபன் பெட்டி கட்டி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, பஸ்ஸைப் பிடிக்கிறவர்களுக்கு அது சுலபமில்லை. புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள்தான். வாரத்துக்கு ஐந்து நாள், நாளைக்கு ஒன்று என்று வைத்தால் சரியாக 52 வாரம். சனி, ஞாயிறு விட்டதைப் பிடிக்க.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் மாற்கு சுவிசேஷத்தைக் கொடுக்கிறேன். பதினாறே அதிகாரம். வாய்விட்டு வாசித்தாலும் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில், ஒரு சினிமா பார்க்கிற நேரத்தில், முடிந்துவிடும். முடிந்தால் ஒரே உட்காரலில் வாசியுங்கள். ஒரு கடிதத்தை நாளைக்கு மூன்று வரியாக யாரும் வாசிப்பதில்லை. நாம் வேதாகமத்தை மட்டும் அப்படி வாசிக்கிறோம். அதிகாரப் பிரிவுகளே பதின்மூன்றாம் நூற்றாண்டில் போட்டவை, வசன எண்கள் பதினாறாம் நூற்றாண்டில் வந்தவை. மாற்கு எழுதும்போது அவை எதுவும் கிடையாது.

லேவியராகமத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. எபிரெயர் நிருபத்தை வாசித்த பிறகு அதற்குத் திரும்புங்கள். பலிகள் எதற்கு என்று தெரிந்த பிறகு அந்தப் புஸ்தகம் வேறு முகம் காட்டும்.

பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் புரியவில்லை. புதியது வாசித்தால் தப்பா?

தப்பே இல்லை. 'பழையதுதான் மூலம்' என்று நம்மில் சிலர் நினைக்கிறார்கள். அதற்கு முன்னால் எத்தனை பேர் உழைத்திருக்கிறார்கள் தெரியுமா? 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அங்கேயே அச்சாகி முடிந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்தார். 1719-இல், 36 வயதில், இறந்துபோனார். மீதியை சூல்ச் முடித்தார். அப்புறம் பப்ரிஷியஸ் முழுவதையும் மறுபடி மொழிபெயர்த்தார். பிறகு ரேனியஸ் புதிய ஏற்பாட்டைப் புதிதாகச் செய்தார். இன்று நம் கையில் இருப்பது ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871-இல் வெளியிட்ட பதிப்பின் வழி வந்தது. அது வந்தபோது அதுவே 'புது மொழிபெயர்ப்பு'. பப்ரிஷியஸுக்குப் பழகிய காதுகளுக்கு அது உறுத்தியது.

கடவுளைக் குறிக்கிற சொல்லே மாறியிருக்கிறது. பப்ரிஷியஸ் 'பராபரன்' என்றார். 1871 பதிப்பு 'தேவன்' என்றது. கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து செய்து 1995-இல் வந்த திருவிவிலியம் 'கடவுள்' என்கிறது. மூன்றும் ஒருவரையேதான் கூப்பிடுகின்றன.

புதியதை வாசிக்கும்போது ஒரு லாபம் உண்டு. பழகிப்போன சொற்களின் அர்த்தம் திடீரென்று விளங்கும். 'ஆயக்காரன்' என்றால் வரி வசூலிக்கிறவன். 'சிட்சை' என்றவுடன் பிரம்படி ஞாபகம் வருகிறது. பிள்ளையைத் திருத்தி வளர்ப்பதைச் சொல்கிற சொல் அது. 'புத்திரசுவிகாரம்' என்றால் தத்தெடுத்தல். இந்தக் கடைசிச் சொல்லை எங்கள் கூட்டத்தில் விளக்கியபோது, ஒரு பிள்ளையைத் தத்தெடுத்து வளர்க்கிற அக்கா ஒருவர் ரோமர் 8:15-ஐத் திரும்ப வாசிக்கச் சொன்னார். அவர் அதை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறார். அன்றைக்குத்தான் அது அவர் வீட்டு விஷயம் என்று தெரிந்தது.

மனப்பாடத்துக்குப் பழையது, புரிந்துகொள்ளப் புதியது. நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். பழையதன் ஓசையை விட எனக்கு மனசில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆண்டின் வாக்குத்தத்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினால் போதாதா?

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து, தட்டிலிருந்து ஒரு வசன அட்டை எடுக்கிறோம். வீட்டில் காலண்டருக்குப் பக்கத்தில் அதை ஒட்டுகிறோம். நானும் எடுக்கிறேன். கேலி செய்யவில்லை. ஆனால் அட்டையில் வருகிற வசனம் எந்த வீட்டிலிருந்து பிரிந்து வந்தது என்று விசாரிக்க வேண்டாமா?

எல்லோருக்கும் பிடித்த எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கு ஏதுவானவை என்கிற வசனம். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனத்தை அட்டையில் யாரும் அச்சடிப்பதில்லை: பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பிறகுதான் உங்களைச் சந்திப்பேன். அதாவது, கடிதத்தை வாசிக்கக் கேட்டவர்களில் பெரியவர்கள் யாரும் திரும்பிப் போகப்போவதில்லை. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்கிறது கடிதம். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்கிற தீர்க்கதரிசி 'இரண்டே வருஷம், எல்லாம் திரும்பி வரும்' என்று ஆலயத்தில் எல்லோர் முன்பும் சொல்லியிருந்தான். கேட்க இனிமையாகத்தான் இருந்திருக்கும். அவன் சொன்னது பொய்.

இப்போது 11-ஆம் வசனத்தை வாசித்துப் பாருங்கள். இனிப்பு குறைகிறது, ஆனால் பாரம் தாங்குகிறது. இந்த வருஷமே வேலை கிடைத்துவிடும் என்று அது சொல்லவில்லை. கிடைக்காமல் நீளுகிற வருஷங்களிலும் அவர் மறக்கவில்லை என்கிறது.

பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் சொல்கிற "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" (பிலிப்பியர் 4:13) என்பதும் அப்படித்தான். முந்தின இரண்டு வசனத்தில் பவுல் பட்டினி கிடக்கவும் கற்றுக்கொண்டதைப் பேசுகிறார். அவர் சொல்கிற 'எல்லாம்' அது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பரீட்சை அன்று காலையில் பயமுறுத்த வேண்டாம். லீவில் சொல்லலாம்.

சரி, ஒரு பகுதியை எப்படித்தான் படிப்பது? ஓர் உதாரணம் காட்டுங்கள்.

மாற்கு 8:22-26. பெத்சாயிதாவில் ஒரு குருடனை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். அவர் அவன் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய், கண்களில் உமிழ்ந்து, கைகளை வைத்து, என்ன தெரிகிறது என்று கேட்கிறார். "நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்" என்கிறான் அவன். மறுபடியும் கைகளை வைக்கிறார். எல்லாம் தெளிவாகத் தெரிகிறது.

முதல் கேள்வி: இதில் என்ன விசித்திரம்? மற்ற இடங்களில் ஒரு வார்த்தையில் சுகமாக்குகிறவர் இங்கே இரண்டு தடவையாகச் செய்கிறார். சக்தி குறைந்துவிட்டதா? நான்கு சுவிசேஷங்களில் இந்தச் சம்பவம் மாற்குவில் மட்டும்தான் இருக்கிறது. அவர் எதற்காகவோ இதை வைத்திருக்கிறார்.

இரண்டாவது கேள்வி: முன்னால் என்ன நடந்தது? படகில் ஒரே ஓர் அப்பத்தை வைத்துக்கொண்டு சீஷர்கள் சாப்பாட்டுக் கவலையில் இருக்கிறார்கள். ஐயாயிரம் பேரையும் நாலாயிரம் பேரையும் போஷித்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். இயேசு கேட்கிறார்: கண்களிருந்தும் காணாதிருக்கிறீர்களா? இன்னும் உணராதிருக்கிறீர்களா?

மூன்றாவது கேள்வி: பின்னால் என்ன வருகிறது? பிலிப்புச் செசரியா போகிற வழியில் பேதுரு "நீர் கிறிஸ்து" என்று அறிக்கை செய்கிறார். சரியான பதில். உடனே இயேசு, தாம் பாடுபட்டுச் சாக வேண்டும் என்கிறார். பேதுரு அவரைத் தனியே கூப்பிட்டுக் கடிந்துகொள்கிறார். 'எனக்குப் பின்னாகப்போ, சாத்தானே' என்று வாங்கிக் கட்டிக்கொள்கிறார்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பேதுருவுக்கு ஒரு தொடுதல் ஆகியிருக்கிறது. கிறிஸ்து என்று தெரிகிறது, ஆனால் மரம்போலத் தெரிகிறது. சிலுவை சுமக்கிற கிறிஸ்து இன்னும் தெரியவில்லை. மாற்கு அந்தக் குருடனின் கதையை நடுவில் வைத்து, சீஷர்களின் பார்வையைப் பற்றிச் சொல்கிறார் என்பது என் புரிதல். பல வேத அறிஞர்களும் அப்படித்தான் வாசிக்கிறார்கள்.

இன்னொன்றும் எனக்குப் பிடிக்கும். பாதி தெரிகிற கட்டத்தில் அந்த மனுஷன் 'நன்றாகத் தெரிகிறது, ஸ்தோத்திரம்' என்று சாட்சி சொல்லவில்லை. மரம்போலத் தெரிகிறது என்று உள்ளதைச் சொன்னான். அதனால்தான் இரண்டாம் தொடுதல் கிடைத்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். வசனத்தில் அது இல்லை. ஆனால் நம் சபைகளில் எல்லோரும் எல்லாம் தெளிவாகத் தெரிவதுபோலத் தலையாட்டுவதைப் பார்க்கும்போது அவன் ஞாபகம் வருகிறது.

இவ்வளவுக்கும் விளக்கவுரை எதுவும் தேவைப்படவில்லை. விசித்திரம் என்ன, முன்னால் என்ன, பின்னால் என்ன என்று கேட்டோம். ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் போதும்.

ஜெபம் இதில் எங்கே வருகிறது?

வாசிக்கிறதற்கு முன்னால் கண்ணை மூடி இரண்டு நிமிஷம் சொல்கிற வழக்கமான வார்த்தைகளைக் கேட்கிறீர்கள் என்றால், அது நல்லதுதான். எபேசியர் 1:17-இல் பவுல் தேவனை அறிந்துகொள்ள ஞானத்தின் ஆவியைத் தரும்படி கேட்கிறார். அந்த ஜெபத்தை உங்கள் பெயரைப் போட்டு அப்படியே கேட்கலாம்.

அதைவிட சங்கீதங்களோடு ஜெபிக்கப் பழகுங்கள். நம் ஜெபங்களில் ஸ்தோத்திரமும் விண்ணப்பமும் இருக்கும், புலம்பல் இருக்காது. 13-ஆம் சங்கீதம் 'எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்று தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதம் ஆறுதலே இல்லாமல், சிநேகிதனும் தோழனும் தூரமாகிப்போனதோடு முடிகிறது. தேவனிடம் இப்படியும் பேசலாம் என்று தெரிவதே அவரைப் பற்றிய பெரிய அறிவு.

பாஸ்டர் பிரசங்கம் கேட்கிறேன், யூடியூபிலும் கேட்கிறேன். போதாதா?

கேளுங்கள். ஆனால் பெரோயா பட்டணத்தார் பவுலின் பிரசங்கத்தையே, காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களைப் பார்த்துச் சரிபார்த்தார்கள் (அப்போஸ்தலர் 17:11). அதை எழுதிய லூக்கா அவர்களைச் சந்தேகக்காரர்கள் என்று திட்டவில்லை, நற்குணசாலிகள் என்கிறார். பவுலுக்கே சரிபார்ப்பு என்றால், இரண்டு லட்சம் பேர் பின்தொடர்கிறவருக்கு மட்டும் ஏன் விலக்கு?

நான் ஒன்றைத்தான் கவனிப்பேன். பிரசங்கியார் ஒரு வசனத்தை வாசித்துவிட்டு வேதாகமத்தை மூடிவிடுகிறாரா, இல்லை திரும்பத் திரும்ப அதே பகுதிக்கு வருகிறாரா? மூடிவிட்டால், அதன் பிறகு வருவது அவருடைய சொந்த அனுபவம். சில சமயம் அதுவும் நன்றாகவே இருக்கும்.

அதிகம் படித்தால் பெருமை வரும், ஆவி அணைந்துபோகும் என்கிறார்களே?

பாதி உண்மை. "அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும்" (1 கொரிந்தியர் 8:1). ஆனால் பவுல் அங்கே படிக்காதே என்று சொல்லவில்லை. விக்கிரகம் ஒன்றுமில்லை என்று நன்றாகத் தெரிந்தவர்கள், அந்தத் தெளிவைக் காட்டிப் படைத்ததைச் சாப்பிட்டு, மனச்சாட்சி பலவீனமான சகோதரனை இடறவைத்தார்கள். அவர்களுடைய அறிவு சரி. அதை வைத்துச் செய்தது தப்பு. 'எழுத்து கொல்லுகிறது' என்பதையும் இதற்குக் கொண்டுவருவார்கள். 2 கொரிந்தியர் 3:6-இல் அது கற்பலகையில் எழுதின பழைய உடன்படிக்கையைப் பற்றியது, புத்தகப் படிப்பைப் பற்றியது இல்லை. எழுத்தே வேண்டாம் என்கிறவர் பவுலாக இருந்தால் இத்தனை நிருபம் எழுதியிருக்க மாட்டார்.

பெருமையைப் பற்றி என் கதையையே சொல்கிறேன். சின்ன வயதில் ஞாயிறு பள்ளிப் போட்டியில் மலைப்பிரசங்கம் முழுவதையும், மத்தேயு 5 முதல் 7 வரை 111 வசனங்களையும், பார்க்காமல் சொல்லிப் பரிசு வாங்கினேன். எவர்சில்வர் டம்ளர். முப்பது வயதுக்கு மேல், அப்பா இறந்த பிறகு, ஒரு தோட்டத்துப் பங்கு விஷயத்தில் அண்ணனோடு பேச்சு நின்றது. நாலு வருஷம். அந்த நாலு வருஷமும் நான் ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தினேன். காணிக்கையைப் பலிபீடத்தில் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிற பகுதி வந்தால் வேகமாகக் கடந்துவிடுவேன். 'குற்றம் அவர் மேல். அவர்தான் வர வேண்டும்' என்று எனக்குள் ஒரு வியாக்கியானம் வைத்திருந்தேன்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால் போனேன். பெரிய மனமாற்றம் எதுவும் இல்லை; அம்மாவின் நச்சரிப்பு. அண்ணி காப்பி கொடுத்தார். அண்ணன் முகம் கொடுத்துப் பேசவில்லை. திரும்பி வந்து அந்தப் பகுதியைத் திறந்தபோதுதான் ஒரு வார்த்தை கண்ணில் பட்டது: "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று." எனக்கு அவர்பேரில் குறை இருந்தால் என்று இல்லை. அவருக்கு என்பேரில் குறை இருந்தால். இருபத்தைந்து வருஷமாக மனப்பாடமாய்ச் சொல்லிவந்த வசனம் அது. தோட்டம் இன்னும் அண்ணன் கையில்தான் இருக்கிறது. பேசிக்கொள்கிறோம்.

அவருடைய சித்தத்தின்படி செய்ய மனதுள்ளவன் இந்த உபதேசம் தேவனால் உண்டானதா என்று அறிந்துகொள்வான் என்று இயேசு சொன்னதை (யோவான் 7:17) நான் அதற்குப் பிறகு வேறு மாதிரி வாசிக்கிறேன். அறிந்தால் செய்வேன் என்று காத்திருந்தேன். அவர் சொன்ன வரிசை வேறு.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எப்படி வளர்வது?

கேட்டு. ஆதிச் சபைகளில் பெரும்பாலோர் அப்படித்தான் வளர்ந்தார்கள். நிருபத்தை ஒருவர் வாசித்தார், மற்றவர்கள் கேட்டார்கள். வெளிப்படுத்தின விசேஷம் 1:3 'வாசிக்கிறவனும்' என்று ஒருமையிலும் 'கேட்கிறவர்களும்' என்று பன்மையிலும் சொல்கிறது. நம் பக்கத்தில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வேதாகமக் கதைகளைக் கீர்த்தனையாகவும் குறவஞ்சியாகவும் பாடிவைத்தார். புத்தகம் தொடாத எத்தனையோ பேர் ராகத்தோடு வேதத்தைத் தெரிந்துவைத்திருந்தார்கள். இப்போது போனிலேயே ஆடியோ வேதாகமம் இருக்கிறது. வீட்டில் பெரியவர்களுக்கு அதை இறக்கிக் கொடுங்கள். அதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினால் இரண்டு பேருக்கும் நல்லது.

படிக்கப் படிக்க சந்தேகம் அதிகமாகிறது. விசுவாசம் போய்விடுமோ?

தோமாவைப் பாருங்கள். உயிர்த்தெழுந்த அன்று அவர் அங்கே இல்லை. கண்டால்தான் நம்புவேன் என்றார். ஆனாலும் ஒரு வாரம் கழித்து மற்ற சீஷர்களோடு அதே வீட்டில் இருந்தார். அவரும் எழுந்து போகவில்லை, அவர்களும் துரத்தவில்லை. "என் ஆண்டவரே! என் தேவனே!" என்கிற, யோவான் சுவிசேஷத்தின் உச்சியான அறிக்கை அவர் வாயிலிருந்துதான் வருகிறது. மயிலாப்பூருக்கும் பரங்கிமலைக்கும் வந்து சேர்ந்ததாகப் பாரம்பரியம் சொல்வதும் அவரைத்தான்.

யோபுவுக்கு 'ஏன்' என்கிற கேள்விக்குப் பதில் கிடைக்கவேயில்லை. தேவன் நாலு அதிகாரத்துக்குத் திருப்பிக் கேள்விதான் கேட்டார். ஆனாலும் யோபு, காதால் கேள்விப்பட்டிருந்த உம்மை இப்போது என் கண் காண்கிறது என்கிறான் (42:5). தேவனுக்காக வக்காலத்து வாங்கி நேர்த்தியாகப் பேசிய மூன்று சிநேகிதர்களைப் பார்த்துத்தான், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கர்த்தர் கோபப்பட்டார். சந்தேகத்தை நோட்டில் எழுதிவைத்து, நம்பிக்கையான ஒருவரிடம் கேளுங்கள். 'அப்படியெல்லாம் கேட்கக்கூடாது' என்கிறவரிடம் கேட்க வேண்டாம்.

நான் வளர்கிறேனா என்று எப்படித் தெரியும்?

உங்களிடம் கேட்டால் தெரியாது. வீட்டில் வேலை செய்கிறவரிடமும், உங்களிடம் கடன் வாங்கித் திருப்பித்தர முடியாமல் இருப்பவரிடமும் கேட்டால் தெரியும். யோயாக்கீமிடம் எரேமியா கேட்டது அதைத்தான்.

இடையில் பல வாரம் வாசிக்காமல் விட்டுவிட்டேன். மறுபடி முதலிலிருந்து தொடங்கவா?

வேண்டாம். விட்ட அதிகாரங்களைக் கடன்போலச் சேர்த்து அடைக்கவும் வேண்டாம். வேதாகமத்தில் அடையாளத்துக்கு வைத்த நாடா எங்கே கிடக்கிறதோ அங்கே திறங்கள். எங்கள் கூட்டமும் மழையிலும் ஊர் விசேஷங்களிலும் ஒரு மாதம் நின்றுபோய், போன வாரம்தான் மறுபடி கூடியது. வருகிற வியாழக்கிழமை மாற்கு 10-இன் கடைசிப் பகுதி: எரிகோ, வழியருகே உட்கார்ந்திருக்கிற இன்னொரு குருடன், பர்திமேயு.